கொரோனாவின் மேல் போட்ட பழி: இங்கிலாந்து ரக்பியின் 2022–23 பருவம்

இங்கிலாந்து ரக்பி யூனியனின் முதல்தரக் கிளப் போட்டியான பிரீமியர்ஷிப், 2022 செப்டம்பரில் 13 அணிகளோடு தொடங்கியது. 2023 மே 27 அன்று டுவிக்கனம் மைதானத்தில் சாரசென்ஸ் அணி சேல் அணியை 35–25 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியபோது தொடரில் மிஞ்சியிருந்தவை 11. அடுத்த பத்து நாளில் அதுவும் 10 ஆயிற்று. வூஸ்டர் வாரியர்ஸ் அக்டோபர் தொடக்கத்திலும், வாஸ்ப்ஸ் அதே மாத நடுவிலும், லண்டன் ஐரிஷ் ஜூன் 6 அன்றும் கணக்கிலிருந்து கழன்றன. மூன்றையும் வீழ்த்தியது கடன். ஆட்டத்தில் தோற்றதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை; லண்டன் ஐரிஷ் அந்தப் பருவத்தில் ஐந்தாம் இடத்தில் முடித்திருந்தது.

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா மைதானங்களின் கதவை மூடியது, நுழைவுச்சீட்டு விற்பனையும், விருந்து மண்டப வருமானமும் நின்றன, கடன் ஏறியது, இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தவை மூன்றாம் ஆண்டில் சரிந்தன. கிளப் உரிமையாளர்களும், தொடரின் நிர்வாகிகளும், விளையாட்டுப் பக்கங்களில் எழுதுவோரில் பலரும் இதையே சொன்னார்கள். யார் மீதும் குற்றம் சுமத்தாத விளக்கம் என்பதால் இது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஆனால் இது தவறு. கொரோனா மூன்று கிளப்புகளின் சாவுத் தேதியை முன்னே இழுத்திருக்கலாம்; சாவுக்கான காரணம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணக்குப் புத்தகங்களில் எழுதப்பட்டிருந்தது.

இந்த விளக்கத்தில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2019–20 பருவம் பாதியில் நின்று, ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, அக்டோபர் 24 அன்று ஆளில்லாத டுவிக்கனத்தில் எக்ஸிடர் 19–13 என வாஸ்ப்ஸை வென்றதோடு முடிந்தது. அதன் பிறகும் நெடுநாள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. 2020 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த 30 கோடி பவுண்டு விளையாட்டு நிவாரணத் திட்டத்தில் ரக்பி யூனியனுக்கு மட்டும் 13.5 கோடி ஒதுக்கப்பட்டது. பிரீமியர்ஷிப் கிளப்புகள் அரசிடம் வாங்கிய கடன் கடைசியில் 12 கோடியைத் தாண்டியது. அடி பலமானதுதான். ஆனால் அந்த அடி 13 கிளப்புகளுக்கும் விழுந்தது, விழுந்தவை மூன்று. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, சிலர் மட்டும் வீழ்ந்ததற்குக் காரணமாக முடியாது. வீழ்ந்தவற்றிடம் என்ன தனியாக இருந்தது, தப்பியவற்றிடம் என்ன இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

கால்வாயைத் தாண்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிரான்ஸின் டாப் 14 தொடர் 2019–20 பருவத்தை முடிக்கவே இல்லை. சாம்பியன் யாரும் அறிவிக்கப்படவில்லை. நடந்த ஆட்டங்களின் எண்ணிக்கையில் இங்கிலாந்தைவிட அதற்கே கூடுதல் இழப்பு. அங்கே எந்த முதல்தரக் கிளப்பும் பருவத்தின் நடுவே கலைக்கப்படவில்லை.

கொரோனா இல்லாத காலத்திலும் இங்கிலாந்தின் ரக்பி கிளப்புகள் இதே விதமாகச் செத்திருக்கின்றன. 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை சம்பளமில்லாத ஆட்டக்காரர்களையும், சில ஆயிரம் பார்வையாளர்களையும் வைத்து ஓடிய கிளப்புகளைப் பணக்காரர்கள் வாங்கத் தொடங்கினார்கள். நான்கே ஆண்டில் முதல் பலி விழுந்தது. 1999இல் ரிச்மண்ட், லண்டன் ஸ்காட்டிஷ் ஆகிய இரண்டு பழம்பெரும் கிளப்புகளின் உரிமையாளர்கள் பணம் போடுவதை நிறுத்தினார்கள். இரண்டின் தொழில்முறைப் பிரிவுகளும் லண்டன் ஐரிஷோடு இணைக்கப்பட்டு மறைந்தன. பிறகு லண்டன் வெல்ஷ். 2014–15 பருவத்தில் பிரீமியர்ஷிப்பில் ஆடிய 22 ஆட்டங்களிலும் தோற்று ஒரே ஒரு புள்ளியோடு இறங்கிய அந்தக் கிளப், இரண்டு ஆண்டுக்குள் கடனில் கலைக்கப்பட்டு 2017 ஜனவரியில் இரண்டாம் நிலைத் தொடரிலிருந்தும் நீக்கப்பட்டது. லண்டனில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்காரர்களின் பெயரில் இருந்த மூன்று கிளப்புகளில் இரண்டு இப்படிப் போயின. அவற்றில் ஒன்றை விழுங்கி வளர்ந்த மூன்றாவது, 24 ஆண்டு கழித்து அதே வழியில் போயிற்று. 1999க்கும் 2017க்கும் எந்தக் கிருமியைக் குற்றம் சொல்வது?

கணக்கைப் பார்க்கலாம். பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப் தன் அணிக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2016–17இல் 65 லட்சம் பவுண்டாக இருந்த அது, அடுத்த ஆண்டு 70 லட்சமாக ஏறியது. உச்சவரம்புக்கு வெளியே இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களைத் தனியாக வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுத்தது. உச்சவரம்பு என்பது போட்டியைச் சமப்படுத்தும் ஏற்பாடே ஒழிய வருமானத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பிரான்ஸும் ஜப்பானும் ஆட்டக்காரர்களை விலைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, உச்சவரம்பு வரை செலவிடாத கிளப் அட்டவணையின் அடியில் கிடக்கும் என்ற பயம் எல்லோரையும் அதே உயரத்துக்குத் தள்ளியது. 2017–18 நிதியாண்டில் 12 கிளப்புகளில் லாபம் காட்டியது எக்ஸிடர் ஒன்றுதான். அதற்குச் சொந்த மைதானமும், ஆண்டு முழுவதும் மாநாடுகளுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்குப் போகும் மண்டபங்களும் இருந்தன. மற்ற 11 கிளப்புகளும் நஷ்டத்தில் ஓடின. இது கொரோனாவுக்கு இரண்டு ஆண்டு முந்தைய கணக்கு. நாட்டிலேயே கிளப் ரக்பிக்கென்று கட்டப்பட்ட மிகப் பெரிய மைதானத்தை, 25,000க்கும் மேல் இருக்கைகள் கொண்ட வெல்ஃபோர்ட் ரோடு மைதானத்தை, வைத்திருக்கும் லெஸ்டர் டைகர்ஸ்கூட 2019இல் தன்னை விற்பனைக்கு வைத்தது. சரியான ஆள் கிடைக்காமல் பின்வாங்கியது.

வரவு எவ்வளவு? 2021 முதல் மூன்று பருவங்களுக்கான தொலைக்காட்சி உரிமை ஏறத்தாழ 11 கோடி பவுண்டுக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்குச் சற்று அதிகம். இதில் 27 விழுக்காட்டை வேறொருவருக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை 13ஆகப் பிரித்தால் தலைக்கு 20 லட்சம் பவுண்டு சொச்சம். கொரோனாவுக்குப் பின் குறைக்கப்பட்ட சம்பள உச்சவரம்பே 50 லட்சம்; சில கூடுதல் சலுகைகளோடு அது 64 லட்சம் வரை போனது. தேசிய அமைப்பான ஆர்.எஃப்.யூ. தரும் பங்கும், விளம்பரமும், நுழைவுச்சீட்டும் சேர்ந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். மருத்துவர், பயிற்சியாளர், மைதான ஊழியர், வாடகை, பயணம் எல்லாவற்றையும் அதற்கு மேல் தாங்க வேண்டும். 13 அணி கொண்ட தொடரில் ஒரு கிளப்புக்குச் சொந்த மைதானத்தில் கிடைப்பது 12 ஆட்டம். ஒப்பிட்டால், பிரான்ஸின் தொடருக்குத் தொலைக்காட்சி உரிமை மட்டும் ஆண்டுக்கு 11 கோடி யூரோவுக்கு மேல். அவர்களோடு சம்பளப் போட்டியில் இறங்கியதுதான் இங்கிலாந்து கிளப்புகள் செய்த முதல் காரியம்.

அந்த 27 விழுக்காடு யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லாமல் 2022–23ஐப் பேச முடியாது. 2018 டிசம்பரில் சி.வி.சி. என்ற தனியார் முதலீட்டு நிறுவனம், தொடரின் வணிக வருமானத்தில் 27 விழுக்காட்டை 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்தது. பங்குதாரக் கிளப் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு ஒன்றேகால் கோடிக்குக் குறையாமல் வந்தது. கொரோனாவுக்குச் சற்று முன், கையில் ரொக்கமாக, ஒரு கிளப்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சம்பளச் செலவுக்கு ஈடான பணம் அது. நஷ்டத்தை ஈடுகட்டவும், பழைய கடனை அடைக்கவும், சில இடங்களில் மைதானத்தைப் புதுப்பிக்கவும் அது கரைந்தது. விதைநெல்லை விற்று அந்த வருஷத்துச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்ட கதை. இந்தப் பணம் வருமானம் அல்ல. இனி வரும் எல்லா ஆண்டுகளின் வருமானத்திலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டியே விற்று வாங்கியது. அன்று அதைத் தொடரின் பொற்காலத் தொடக்கமாகக் கொண்டாடியவர்களே பிறகு கொரோனாவைக் காரணமாகக் காட்டினார்கள்.

வாஸ்ப்ஸின் கதை தனியே நின்று பார்க்கத் தக்கது. 1867இல் தொடங்கிய கிளப். 1871இல் ஆர்.எஃப்.யூ.வைத் தோற்றுவித்த கூட்டத்துக்குப் போக வேண்டிய இதன் பிரதிநிதி தவறான மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார், அதனால்தான் நிறுவன உறுப்பினர் பட்டியலில் இதன் பெயர் இல்லை என்று ஒரு கதை வழங்குகிறது. ஆறு முறை இங்கிலாந்துச் சாம்பியன், இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன். அப்படிப்பட்ட கிளப் 2012இலேயே மூடும் நிலைக்குப் போய்த் தப்பியது. லண்டனுக்கு மேற்கே ஹை விக்கம் ஊரில், தனக்குச் சொந்தமில்லாத சிறு கால்பந்து மைதானத்தில் வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது. 2014இன் கடைசியில் அங்கிருந்து ஏறக்குறைய 80 மைல் தள்ளியிருக்கும் கோவென்ட்ரிக்கு இடம்பெயர்ந்து, அந்நகரின் 32,000 இருக்கை கொண்ட ரிக்கோ அரங்கை விலைக்கு வாங்கியது. முதல் ஆட்டத்துக்கு 28,000 பேருக்கு மேல் வந்தார்கள். தீர்க்கதரிசனமான முடிவு என்று எல்லோரும் எழுதினார்கள்.

அரங்கு வாங்கிய கடனை மாற்றியமைக்க 2015இல் 3.5 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு, அசலைத் திருப்பித் தர வேண்டிய மாதம் 2022 மே. ரசிகர்களும் சேமிப்பிலிருந்து எடுத்து வாங்கினார்கள். வட்டி மட்டும் ஆண்டுக்கு 22 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. அன்றைய சம்பள உச்சவரம்பில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே ஒரு டிரை போடுவதற்கு முன்பே, வட்டியாக வெளியே போனது. அரங்கில் வாடகைக்கு ஆடிய கோவென்ட்ரி சிட்டி கால்பந்து கிளப்போடு வழக்கு மூண்டு, 2019இல் அது பர்மிங்காமுக்குப் போய்விட்டது. இவை எல்லாம் கொரோனாவுக்கு முந்தையவை. ஏழு ஆண்டு முன்னரே நாள் குறிக்கப்பட்ட கடன் அந்த நாளில் கட்டப்படவில்லை. வரித்துறைக்கும் பாக்கி நின்றது. 2022 அக்டோபர் 17 அன்று திவால் நிர்வாகிகள் பொறுப்பேற்று, ஆட்டக்காரரும் ஊழியருமாக 167 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சொந்த அரங்கு, அதில் ஓட்டல், கண்காட்சி மண்டபம், சூதாட்ட விடுதி: வருமானத்துக்கு வழி இல்லாததால் செத்த கிளப் அல்ல இது. வருமானம் வளரும் என்று நம்பி, வளர்ந்த பிறகு கட்ட வேண்டிய விலையை முன்னாலேயே ஒப்புக்கொண்டு செத்த கிளப்.

வூஸ்டரின் நோய் வேறு மாதிரி. அதைக் கீழ்நிலைத் தொடர்களிலிருந்து 2004இல் பிரீமியர்ஷிப்புக்கு ஏற்றியது கொதிகலன் உற்பத்தியில் பணம் சேர்த்த செசில் டக்வொர்த் என்ற உள்ளூர்த் தொழிலதிபரின் கைப்பணம். எம்5 நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் சிக்ஸ்வேஸ் மைதானம் அவர் கட்டியெழுப்பியது. அவர் விலகிய பின் கிளப் கைமாறிக் கைமாறிப் போயிற்று. புரவலர் இருக்கும்வரை நஷ்டம் தெரியாது. புரவலர் போனதும் மிஞ்சுவது நஷ்டம் மட்டும். 2022 மே மாதம் வூஸ்டர், முதன்மைத் தொடரிலிருந்து தனியான பிரீமியர்ஷிப் ரக்பி கப் போட்டியை வென்றது. ஆகஸ்டில் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் வரிபாக்கிக்காக வரித்துறை நீதிமன்றம் போனது. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் தாமதமாயிற்று. செப்டம்பர் 24 அன்று நியூகாசிலை 39–5 என்று வென்றதுதான் கடைசி ஆட்டம். அக்டோபர் 5 அன்று, ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த நிறுவனம் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. கிளப்பின் முடிவுகள் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்டன. அந்த 39–5 இப்போது எந்தக் கணக்கிலும் இல்லை.

இங்கே கொரோனாக் கட்சியார் ஒரு வாதம் வைப்பார்கள்: மொத்தக் கடன் இரண்டரைக் கோடிக்கு மேல், அதில் ஒன்றரைக் கோடி பவுண்டு அளவு அரசின் கொரோனாக் கடன்தானே? ஆம். ஆனால் அது நீண்ட தவணையில் திருப்பித் தர வேண்டிய கடன். வூஸ்டரை நீதிமன்றத்துக்கு இழுத்தது அது அல்ல. இழுத்தது வரி. ஊழியரின் சம்பளத்திலும், விற்ற சீட்டிலும் பிடித்து வைத்து அரசுக்குச் செலுத்த வேண்டிய அன்றாடப் பணத்தை ஒரு நிறுவனம் செலவழித்துவிட்டால், அதன் பொருள் அன்றாடச் செலவுக்கே வரவு போதவில்லை என்பது. 2022இல் மைதானங்கள் திறந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

லண்டன் ஐரிஷ் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1898இல் தொடங்கிய கிளப். ரெடிங் நகரில் இருபது ஆண்டு வாடகைக்கு ஆடி, 2020இல் லண்டனுக்குத் திரும்பி பிரென்ட்ஃபோர்ட் கால்பந்து மைதானத்தில் மறுபடி வாடகைக்கே ஆடியது. கடன் 3 கோடி பவுண்டுக்குப் பக்கம். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே உரிமையாளரின் பணம். அவர் விற்க முன்வந்தார். வாங்குவதாகச் சொன்ன அமெரிக்கக் குழு பணத்தைக் காட்டவில்லை. ஆர்.எஃப்.யூ. கொடுத்த கெடு ஒரு முறை நீட்டிக்கப்பட்டு முடிந்தது. களத்தில் அந்த அணி இளைஞர்களால் நிறைந்து, பார்க்க அழகான ரக்பி ஆடிக்கொண்டிருந்தது. அதன் 20 வயது ஹென்றி அருண்டெல் பாரிஸின் ராசிங் 92 கிளப்புக்குப் போனார். வாஸ்ப்ஸின் ஜாக் வில்லிஸ் முன்பே துலூஸுக்குப் போய், அதே பருவத்தில் பிரெஞ்சுச் சாம்பியன் பட்டத்தையும் வென்றுவிட்டார்.

அப்படியானால் மற்ற பத்தும் ஏன் தப்பின? அவை நல்ல கணக்கு வைத்திருந்தன என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பிரிஸ்டலின் பின்னால் ஸ்டீவ் லான்ஸ்டவுன் இருந்தார். பாத் கிளப்பின் பின்னால் புரூஸ் கிரெய்க். இருவருமே பெரும் செல்வந்தர்கள், நஷ்டத்தை ஆண்டுதோறும் தாங்கியவர்கள். சாரசென்ஸ் உச்சவரம்பை மீறி 2019–20இல் 105 புள்ளிகளை இழந்து கீழ்நிலைக்கு இறக்கப்பட்டபோதும் கலையவில்லை, கைமாறிப் பிழைத்தது. அதாவது பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலிருந்த வேறுபாடு உரிமையாளரின் பொறுமை. லாபம் காட்டிய எக்ஸிடரும் கொரோனாவுக்குப் பின் செலவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஜாக் நோவெல், லூக் கோவன்-டிக்கி, சாம் சிம்மண்ட்ஸ் ஆகியோர் 2023இல் வெளியேறினார்கள். வரவுக்குத் தக்கபடி அணியைச் சுருக்கிய அந்தக் கிளப் இன்றும் ஆடுகிறது என்பதே கொரோனா வாதத்துக்கு ஒரு பதில்.

இன்னொரு கருத்தும் இதோடு கூடவே ஓடிவருகிறது: கீழிறக்கப் பயம்தான் கிளப்புகளைத் தாங்கமுடியாத செலவுக்குத் தள்ளுகிறது; கதவை மூடி, நிரந்தர உறுப்பினர் தொடராக மாற்றினால் முதலீடு வரும், நிலைத்தன்மை வரும். இதைச் சோதித்துப் பார்க்க 2022–23ஐவிடச் சிறந்த பருவம் இல்லை. 2020–21இலும் அடுத்த இரண்டு பருவங்களிலும் கீழிறக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தில் தோற்றுக் கீழிறங்கிய கடைசிக் கிளப் 2018–19இன் நியூகாசில். மூன்று கிளப்புகளும் செத்தது பாதுகாப்பான, யாரையும் இறக்காத தொடரில். இரண்டாம் நிலைத் தொடரை 2022இல் வென்ற ஈலிங், 10,001 பேர் கொள்ளும் மைதானம் இல்லை என்று மேலே வர அனுமதிக்கப்படவில்லை. ஆனால் வரி கட்டாத வூஸ்டர் உள்ளே இருந்தது. மைதான இருக்கையை எண்ணிய அமைப்பு வங்கிக் கணக்கை எண்ணவில்லை.

அந்த அமைப்பு யார் என்பதே விஷயத்தின் மையம். பிரீமியர்ஷிப்பை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் அந்தக் கிளப்புகளே. ஒரு கிளப்பின் கணக்கைத் திறந்து பார், தவறினால் தண்டி என்று விதி போட வேண்டியவர்களும், அந்த விதியால் மாட்டிக்கொள்ள வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். மேலிருந்த ஆர்.எஃப்.யூ., கிளப் உரிமையாளராக வருவோரின் தகுதியைச் சோதிக்கும் முறையைப் பெயரளவில் வைத்திருந்தது. 2023 ஜனவரியில் வெளியான நாடாளுமன்றக் குழு அறிக்கை இரு அமைப்புகளையும், குறிப்பாக வூஸ்டரில் உரிமையாளர் தகுதிச் சோதனை செயல்படாததைச் சுட்டி, கடுமையாகக் குறை சொன்னது. பிரான்ஸில் கிளப்புகளின் நிதியை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் தனி அமைப்பு உண்டு. வரவுசெலவுத் திட்டம் நிற்காது என்று பட்டால் அது ஆள் சேர்ப்பைத் தடுக்கும், சம்பளத் தொகைக்கு வரம்பு கட்டும், கடைசி நடவடிக்கையாகக் கீழ்நிலைக்கே இறக்கும். அங்கும் பணக்கார உரிமையாளர்கள் இருக்கிறார்கள், நஷ்டமும் இருக்கிறது. ஆனால் நஷ்டத்தை யார் எப்படி ஈடுகட்டப்போகிறார் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே காட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது வரித்துறை.

வீழ்ச்சியின் விலை மிஞ்சியவர்கள் மீதும் விழுந்தது. 12 ஆட்டத்துக்குப் பருவச்சீட்டு விற்ற கிளப்புகளுக்குச் சொந்த மைதானத்தில் கிடைத்தது 10. அடுத்த பருவத்தில் 9. ஆட்டம் குறைந்தால் சீட்டு வருமானம் குறையும். 2023இல் இரண்டாம் நிலைச் சாம்பியனான ஜெர்சி ரெட்ஸும் புதிய பருவம் தொடங்கிய செப்டம்பரிலேயே கடையைக் கட்டியது. கொரோனா வந்து மூன்றரை ஆண்டு கழிந்திருந்தது. அதையும் கிருமியின் கணக்கில் எழுத இப்போது யாரும் முன்வரவில்லை.

இந்த மூன்று சாவுகளுக்குப் பிறகே கிளப் நிதியைக் கண்காணிக்கத் தனிக் குழு ஏற்படுத்தப்பட்டது. வூஸ்டர் 2025இல் புதிய உரிமையாளரின் கீழ் இரண்டாம் நிலைத் தொடரில் மறுபடி ஆடத் தொடங்கியது. பத்தில் நலிந்ததாக இருந்த நியூகாசிலை அதே ஆண்டு ஆகஸ்டில் ரெட் புல் பான நிறுவனம் வாங்கி, கிளப்பின் பெயரிலும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது.